ரெண்டாவது காப்பாளர்

யன்னல் பக்கம் நீங்களே இருங்கோ ஐயா, எனக்கு வேண்டாம். இந்த ரோட்டை நான் எட்டு வருசமாப் பாக்கிறன். மரம், அதுக்குப் பிறகு சோளக் காணி, அதுக்குப் பிறகு திருப்பியும் மரம். பஸ்ஸில ரெண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு இதுதான். நீங்கள் இந்த நாட்டுக்குப் புதுசு, வடிவாப் பாருங்கோ.

என்ர கதை விளங்குதோ? சில இந்தியா ஆக்கள் நான் கதைக்கக் கதைக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பினம், பிறகு பாத்தால் ஒண்டும் விளங்கியிராது. விளங்காட்டி நிப்பாட்டிக் கேளுங்கோ, நான் கோவிக்க மாட்டன். மகளிட்டயோ போறியள்? கிறே ஹாபர் ஆசுப்பத்திரியிலயோ வேலை? நல்லது. நானும் கிறே ஹாபருக்குத்தான். என்ர மகன் அங்கதான் இருக்கிறான். ஆனா மகனிட்டப் போறன் எண்டு சொல்லேலாது. மகன்ர கோச்சிட்ட, அவனுக்கு விளையாட்டுப் பழக்கிற ஆளிட்டப் போறன். பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் அந்தாளை நான் பிடிச்சுப்போட வேணும்.

ஏன் அஞ்சு மணி எண்டால், இண்டைக்கு அஞ்சு மணிக்குத்தான் கிறே ஹாபர் ஹெரன்ஸ் இந்த சீசனுக்கான இருபத்துமூண்டு பேரின்ர பட்டியலைக் குடுக்கவேணும். ஹெரன்ஸ் எண்டால் கொக்கு. ஐஸ் ஹொக்கி ரீம். சம்பளத்துக்கு விளையாடுற ரீம் ஐயா, பொழுதுபோக்குக்கு இல்லை. உங்களுக்குக் கிரிக்கெட் தெரியும்தானே, அதில வெயில் நிக்கும், தேத்தண்ணிக்கு நேரம் விடுவினம். இது அப்பிடி இல்லை. கத்தி பூட்டின சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஐசுக்கு மேல ஓடி, ஒரு கறுப்பு ரப்பர் வட்டை மட்டையால அடிச்சு வலைக்குள்ள போடவேணும். அந்த வட்டு வாற வேகத்துக்குப் பல்லில பட்டால் பல்லைக் கூட்டித்தான் அள்ளவேணும். வலைக்கு முன்னால ஒருத்தன் நிண்டு அதை மறிப்பான். அவனைக் கோலி எண்டு சொல்லுவினம். நான் ரேடியோவில காப்பாளர் எண்டு சொல்லுவன். என்ர மகன் துவாரகன் காப்பாளர்.

ஓம், ரேடியோ. நல்லைநாதன் எண்டு கேட்டால் ஸ்காபரோவில தமிழ் ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு 'பனித்திடல்' எண்டு அரை மணித்தியால நிகழ்ச்சி. எட்டு வருசமா ஒரு கிழமை விடாமல் செய்யிறன். வட்டு, காப்பாளர், முன்வரிசை, பின்வரிசை எல்லாம் நான் வைச்ச பேர். ரொறொன்ரோவில பெரிய ரீம் இருக்குத்தான், அதைப் பற்றிக் கதைக்க ஆயிரம் பேர் இருக்கினம். துவாரகன் பதினாறு வயசில ஹெரன்ஸின்ர இளைஞர் ரீமுக்குப் போன நாள் தொடக்கம் நான் ஹெரன்ஸைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறன். சனம் முதல்ல சிரிச்சது. இப்ப கொக்கின்ர நிறத்தில தொப்பி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருகுதுகள்.

நான் என்ன பெரிய விளையாட்டுக்காரனோ எண்டு கேப்பியள். இல்லை. இந்த வயசுக்கும் அந்தச் சப்பாத்தைக் காலில போட்டது கிடையாது. நான் இருபத்தொரு வருசம் ஸ்காபரோவில ஒரு மண்டபத்தில ஐஸ் மெழுகுற வண்டி ஓடினவன். அரை மணித்தியாலம் விளையாடினால் ஐஸ் முழுக்க கீறல் விழும். அந்த வண்டி மேற்தோலைச் சுரண்டி எடுத்துப்போட்டுச் சுடுதண்ணியை விட்டு மெழுகிக்கொண்டு போகும். சும்மா வேலை எண்டு நினைக்காதேங்கோ. கீறலைப் பாத்தே ஆர் எப்பிடி ஓடினவன் எண்டு சொல்லுவன். துணிஞ்சவன்ர கோடு வேற, பயந்தவன்ர கோடு வேற. நாரி, அதுதான் கீழ்முதுகு, பிடிச்சவன்ர கோடு ஒரு பக்கம் மெலிஞ்சிருக்கும். அந்த மண்டபத்திலதான் துவாரகன் வளந்தது. காலமை ஆறு மணிக்கு ஐஸ் சும்மா கிடக்கும், நான் வண்டியை ஓரத்தில விட்டிட்டு அவனுக்கு வட்டை எறிவன், கையால. மட்டை பிடிக்க எனக்கு வராது.

சரி, விசயத்துக்கு வாறன். என்ர மனுசி சொல்லுவா, உங்களிட்ட நேரம் கேட்டால் மணிக்கூடு செய்தவன்ர தாய் தேப்பன்ர கதையில இருந்து தொடங்குவியள் எண்டு.

ஒவ்வொரு வருசமும் புரட்டாதியில ஒரு சனிக்கிழமை முன்னோட்டம் செய்வன். அண்டைக்கு அரை மணித்தியாலம் காணாது எண்டு ஒரு மணித்தியாலம் தருவினம். ரீமில ஆர் ஆர் இருக்கினம், ஆர் தேறுவான், ஆர் தேறமாட்டான், ரீம் எத்தினையாம் இடத்துக்கு வரும், எல்லாம் பிரிச்சு வைப்பன். நான் முகத்துக்காகக் கதைக்கிற ஆள் இல்லை. கப்டன் மக்றேக்கு முப்பத்தாறு வயசு. கால் போயிட்டுது, தலை போகேல்லை, இந்த வருசம் அந்தாளை நம்பினால் தை மாதத்தோட சரி எண்டு சொன்னன். பின்லாந்துப் பெடியன் ஹக்கலா, நல்ல கை, ஆனா மூலைக்குள்ள போய் இடிபடப் பயம். பின்வரிசையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். போன வருசம் நல்லா நிண்ட ஒருத்தனை இன்னொரு ரீமுக்குக் குடுத்துப்போட்டு, பதிலுக்கு வாங்கினவன் பின்பக்கமா ஓடேக்க தன்ர காலில தானே தடக்குறான். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு நாலாம் இடம் எண்டு சொன்னன். இண்டைக்கும் சொல்லுறன், நாலாம் இடம்தான்.

பிறகு காப்பாளர். பட்டியலில ரெண்டு பேருக்குத்தான் இடம். முதலாவது ஒலிவியே எண்ட கியூபெக் பெடியன், அதில கேள்வி இல்லை. ரெண்டாவது ஆர் எண்டதுதான் இந்த வருசம் முழுக் கேள்வியும். ஒண்டு, ட்ரெவர் எண்ட ஆறடி அஞ்சங்குலப் பெடியன். மற்றது துவாரகன். மூண்டாவதா வாறவன் வீட்ட போகவேண்டியதுதான். இருபத்துநாலு வயசில வீட்ட அனுப்பினால் பிறகு ஒருத்தரும் கூப்பிட மாட்டினம் ஐயா. துவாரகன் எட்டு வருசமா அடுத்தவன்ர வீட்டு நிலக்கீழ் அறையில இருந்து, ரின்னில அடைச்ச மீனைச் சாப்பிட்டு, இந்த ஒரு இடத்துக்குத்தான் நிண்டவன்.

நான் ட்ரெவரைப் பற்றியும் சொன்னன், துவாரகனைப் பற்றியும் சொன்னன். துவாரகனுக்கு நல்ல கண், நல்ல கை, பதறமாட்டான் எண்டு சொன்னன். அது உண்மை. அது முடியத்தான் நேயர் அழைப்பு. பிரம்ரனில இருந்து கைலாயபிள்ளை எண்டு ஒருத்தர். எட்டு வருசமா என்னைக் குத்துறதுக்கெண்டே போன் எடுக்கிற மனுசன். "அண்ணை, மக்றேக்குக் கால் போயிட்டுது எண்டியள். ஹக்கலா பயந்தவன் எண்டியள். ட்ரெவர் சோம்பேறி எண்டியள். உங்கட மகனுக்கு மட்டும் நல்ல கண், நல்ல கை, நல்ல குணம். நீங்கள் இப்ப செய்தது முன்னோட்டமோ, கலியாணப் பேச்சோ?" எண்டார். கண்ணாடிக்கு அங்கால மெசின் பாக்கிற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குது. எனக்குக் காது சுட்டது.

நான் சொன்னன், "கைலாயபிள்ளை அண்ணை, குறை கேட்டியள், சொல்லுறன். துவாரகனுக்குப் பங்குனியில இருந்து இடது இடுப்பு மூட்டில நோவு. முழங்காலில விழுந்தால் பிறகு இடது காலால உந்தி வலப்பக்கம் போகிறதுக்குப் பிந்துறார். அவரை இடப்பக்கம் இழுத்து விழுத்திப்போட்டு வட்டை வலப்பக்கம் மாத்தினால் கோல்தான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஸ்காபரோவுக்கு வந்து இடுப்புக்கு வைத்தியம் செய்யிறார். ரீமுக்கு இன்னும் தெரியாது." அந்தக் கடைசி வசனத்தையும் நான்தான் சொன்னனான். ஒருத்தரும் என்னை அதைச் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லை.

நீங்கள் என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. தமிழில சொன்னனான் ஐயா. கிறே ஹாபரில ஹொக்கி ரீமுக்குள்ள ஆருக்குத் தமிழ் தெரியும்? எட்டு வருசமா மக்றேயைப் பற்றி என்ன என்னவெல்லாம் சொல்லிப்போட்டு, அடுத்த கிழமை அந்தாளோட கை குடுத்துப் படம் எடுக்கிறனான். அந்தாளும் "நல்லா, நல்லா" எண்டு என்ர முதுகில தட்டும். நல்லா எண்டு என்ர பேரைத்தான் சுருக்கிக் கூப்பிடுறது. தமிழில கதைக்கிறது எங்கட வீட்டு அறைக்குள்ள கதவைச் சாத்திப்போட்டுக் கதைக்கிற மாதிரித்தான் எனக்கு. இந்த நாட்டில முப்பது வருசமா நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் இருக்கிறம். பஸ்ஸில பக்கத்தில இருக்கிற வெள்ளையைப் பற்றி அவன்ர முகத்துக்கு முன்னாலயே கதைப்பம். இப்ப நானும் நீங்களும் கதைக்கிறதை முன்னால இருக்கிற அந்த மனுசி விளங்கிக்கொண்டோ இருக்குது?

மார்க்கம் எண்ட ஊரில ஒரு பெட்டை, பல்கலைக்கழகத்தில படிக்குதாம். அந்தப் பிள்ளை அந்த ரெண்டு நிமிசத்தை வெட்டி எடுத்து, கீழ இங்கிலீசில எழுத்தும் போட்டு இன்ரநெற்றில விட்டுது. கெட்ட எண்ணம் இல்லை ஐயா. பெருமையிலதான் விட்டது. தமிழ்க் காப்பாளர், அவரைத் தமிழில விமர்சிக்கிற தகப்பன், இப்பிடியும் ஒரு நேர்மையான அப்பா எண்டு தலைப்பு. மூண்டு நாளில ரெண்டு லட்சம் பேர் பாத்தவை. எனக்கு அவுஸ்திரேலியாவில இருந்து, லண்டனில இருந்தெல்லாம் போன். என்ர தங்கச்சி பாரிசில இருந்து எடுத்து, அண்ணை உங்களை நினைக்கப் பெருமையா இருக்கு எண்டு அழுதவள். நானும், பொய் ஏன் சொல்லுவான், அந்த மூண்டு நாளும் கொஞ்சம் நிமிந்துதான் நடந்தனான்.

நாலாம் நாள் துவாரகன் எடுத்தான். அவன் கோவம் வந்தால் இங்கிலீசுக்குப் போற பிள்ளை. அண்டைக்குத் தமிழிலதான் கதைச்சவன், அதுவும் ஆறுதலா, சத்தம் போடாமல். "அப்பா, நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான். அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை" எண்டான். நான் அவனுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினன், நடுநிலை எண்டால் என்ன, நேயர் எண்டால் என்ன எண்டு. அவன் போனை வைச்சிட்டான். அதுக்குப் பிறகு அவன்ர குரலை நான் கேக்கேல்லை.

எனக்கு மட்டும் சொன்னது உண்மைதான். அதுவும் அவனா வந்து சொல்லேல்லை. ஆடி மாதம் என்ர பழைய மண்டபத்தில அவன் பயிற்சி செய்ய வந்தவன். முடிஞ்சு போனாப்பிறகு வண்டி ஓடுற இப்பத்தைய பெடியனிட்ட கேட்டு, நான் ஒருக்கா ஐசைப் பாத்தன். வலைக்கு முன்னால இடது காலால தள்ளின கோடு மெலிஞ்சு கிடந்தது. காருக்குள்ள வைச்சுக் கேட்டன். எல்லாம் சொன்னான். வைத்தியம் செய்யிற பிள்ளையிட்ட நான்தான் செவ்வாய்க்கிழமைகளில கூட்டிக்கொண்டு போறனான். அந்தப் பிள்ளை அவனுக்கு முகத்துக்கு நேர சொன்னது, இந்த சீசன் முழுக்க விளையாடினால் முப்பது வயசுக்கு முதல் இடுப்பு மூட்டை மாத்தவேண்டி வரலாம் எண்டு. அவன் ஒரு சீசன் போதும் எண்டான். பட்டியலில ஒருக்காப் பேர் வந்தால் போதுமாம். அவன் சின்னனில இருந்து என்னோட கனக்கக் கதைக்கிற பிள்ளை இல்லை ஐயா. அந்தச் செவ்வாய்க்கிழமையளிலதான் கதைச்சவன். தன்ர பயத்தைக்கூடச் சொன்னவன்.

தாய்க்கு விசயம் தெரிஞ்சது ரேடியோவில. தவமலர் குசினியில கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு என்ர நிகழ்ச்சியைக் கேக்கிறவ. நான் வீட்ட போக, வெட்டின வெங்காயம் அப்பிடியே பலகையில கிடக்குது, அவ கதிரையில இருக்கிறா. "பிள்ளைக்கு நடக்க ஏலுமோ?" எண்டு கேட்டா. நான் சொன்னன், நடக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, வலப்பக்கம் தள்ளேக்கதான் எண்டு. அவ எழும்பிப் போயிட்டா.

பிறகு வெள்ளிக்கிழமை, சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டம். ரெண்டாம் பாதியில துவாரகனை விட்டவை. நானும் தவமலரும் கொம்பியூட்டரில பாக்கிறம். மற்ற ரீம் வந்து முதல் தரமே இடப்பக்கம் இழுத்துது. பிள்ளை விழுந்தான். நான் சொன்னன், இப்ப வலப்பக்கம் மாத்துவாங்கள் பார். மாத்தினாங்கள். கோல். பத்து நிமிசத்தால திருப்பியும் அதே இழுவை. மாத்துவாங்கள் பார் எண்டன். கோல். மூண்டாவதுக்கும் அதே இடம், அதே மாதிரி. மூண்டும் நான் சொன்னது ஐயா, ஒண்டும் பிழைக்கேல்லை. தவமலர் கொம்பியூட்டரைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. "அவங்கட கோச் நீங்கள்தான்" எண்டா. அண்டையில இருந்து அவ என்னோட சாப்பாட்டுக்கு மட்டும்தான் கதை.

கோச் ஹார்லன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாராம். இதெல்லாம் தாய்க்கு அவன் சொல்லி, தாய் தன்ர தமக்கைக்குச் சொல்ல நான் மற்ற அறையில இருந்து கேட்டது. கோச் அந்த ரெண்டு நிமிச ரேடியோத் துண்டைப் போனில போட்டுக் காட்டி, இது உண்மையோ எண்டு கேட்டாராம். இவன் இல்லை எண்டானாம். "என்ர அப்பாவுக்கு ஹொக்கி தெரியாது. சுவையா இருக்கட்டும் எண்டு ரேடியோவில சும்மா கட்டிக் கதைக்கிறவர்" எண்டானாம். எனக்கு ஹொக்கி தெரியாதாம். அவன்ர கோடு மெலிஞ்சதை முதல்ல கண்டுபிடிச்சது ஆர்? ரீமின்ர டொக்ரர் காலைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்திட்டு ஒண்டும் நிச்சயமாச் சொல்லேலாது எண்டிட்டாராம். ஸ்கான் எடுக்க இன்னும் ரெண்டு கிழமை வரிசையில நிக்கவேணும். பட்டியல் இண்டைக்கு. அப்ப கோச்சுக்கு முன்னால இப்ப ரெண்டு கதை கிடக்குது. மகன் சொல்லுறான் நோவு இல்லை. தகப்பன் ரெண்டு லட்சம் பேருக்கு முன்னால சொல்லியிருக்கிறான் நோவு இருக்கு. அந்தாள் எதை நம்பும்?

அதுக்குத்தான் போறன். நான் போய் அந்தாளின்ர முகத்தைப் பாத்து, மகன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய் எண்டு சொல்லப்போறன். ஓம், பொய்தான். நான் கோயிலிலயும் ரேடியோவிலயும் பொய் சொல்லாத ஆள். இண்டைக்குச் சொல்லப்போறன். பிள்ளைக்காகச் சொல்லாமல் வேற ஆருக்காகச் சொல்லுறது?

இல்லை, அவனுக்குத் தெரியாது நான் வாறது. தெரிஞ்சால் விடமாட்டான். போன கிழமை தாய் மூலம் ஒரு செய்தி அனுப்பினவன், அப்பாவை என்னைப் பற்றி இனி ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ எண்டு. அது அவன் கோவத்தில சொன்னது. உங்களோட கதைக்கிறது வேற, நீங்கள் இந்தியா ஆள், உங்களுக்கு அவனைத் தெரியாது. இடுப்பு என்னாகும் எண்டோ கேக்கிறியள்? அதை நான் யோசிக்காமல் இல்லை. மூண்டு நாளா நித்திரை இல்லை. யோசிச்சால் ஒரு பக்கம் இடுப்பு, மற்றப் பக்கம் பட்டியல். அவன் பட்டியலைத்தான் கேட்டவன். அவன்ர வாழ்க்கை, அவன் கேட்டதைத்தானே நான் குடுக்கவேணும்.

உங்களுக்குக் களைப்பில்லை எண்டால் ஒரு உதவி செய்வியளோ? நீங்கள் ரயில்வேயில ரிக்கற் பரிசோதிச்ச ஆள் எண்டு ஏறேக்க சொன்னனீங்கள். பொய் சொல்லுறவன்ர முகம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கோச் எண்டு வையுங்கோ. நான் நல்லைநாதன். கேள்வியைக் கேளுங்கோ, நான் மறுமொழி சொல்லிப் பாக்கிறன். இங்கிலீசில ஒரு தாளில எழுதி வைச்சிருக்கிறன், ஆனா முதல்ல தமிழில சொல்லிப் பாத்தால்தான் நெஞ்சில நிக்கும்.

கேளுங்கோ. இடுப்பில நோவு இருக்கோ எண்டோ? இல்லை கோச். இல்லை. ஒரு நோவும் இல்லை. சரியோ? கண்ணை இமைக்கிறனோ? இன்னொருக்காச் சொல்லுறன். என்ர மகனுக்கு ஒரு நோவும் இல்லை.

அடுத்தது. செவ்வாய்க்கிழமை வைத்தியமோ? அது எனக்கு. என்ர நாரிக்கு. இருபத்தொரு வருசம் வண்டி ஓடின நாரி. பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறவன். இதை நான் முந்தநாள் யோசிச்சு வைச்சனான், நல்லா இருக்கு, என்ன? நம்புற மாதிரி இருக்கு.

மூண்டு கோல் எப்பிடிப் போனதோ? அது பின்வரிசையின்ர பிழை. அதில பாதி உண்மையும் இருக்கு.

இன்னும் கேளுங்கோ. பயப்படாமல் கேளுங்கோ, கோச் இன்னும் மோசமாக் கேப்பார்.

அப்ப ஏன் சொன்னீங்க எண்டோ?

ஏன் சொன்னனான் எண்டோ.

பொறுங்கோ. இதை நான் எழுதி வைக்கேல்லை. நிகழ்ச்சி சுவையா இருக்கட்டும் எண்டு சொன்னனான். இல்லை, அது சரிவராது. சுவைக்கு ஒரு தகப்பன் சொந்தப் பிள்ளைக்கு இல்லாத நோவை இருக்கு எண்டு சொல்லுவானோ, கோச் விசரன் இல்லை. மகனோட எனக்குக் கோவம், அதால சொன்னனான் எண்டு சொல்லட்டோ? கோவம் ஒண்டும் இருக்கேல்லையே. அண்டைக்குக் காலமைகூட அவன் போனில ஒரு படம் அனுப்பினவன், புது முகமூடி, அதில கரையில சின்னனா ஒரு கொக்குக் கீறியிருந்தது. நல்லா இருக்கப்பு எண்டு எழுதிப்போட்டுத்தான் நான் ஸ்ரூடியோவுக்குள்ள போனனான்.

நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறியள். ரிக்கற் இல்லாதவனை இப்பிடித்தான் பாத்திருப்பியள் போல.

சரி. உங்களுக்குச் சொல்லுறன், கோச்சுக்குச் சொல்ல ஏலாது. நான் அந்த இடுப்பைப் பற்றிச் சொல்லி முடிச்ச உடன கைலாயபிள்ளை தன்ர வீட்டு ரேடியோவை நிப்பாட்டினது லைனில கேட்டது. பிறகு, "நல்லைநாதன் அண்ணை, நீங்கள் பெரிய மனுசன். நான் கேட்டது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டார். எட்டு வருசமா அந்தாளின்ர வாயில இருந்து அப்பிடி ஒரு சொல்லு வந்ததில்லை. கண்ணாடிக்கு அங்கால அந்தப் பிள்ளையும் எழும்பி நிண்டு கையைத் தட்டுது. நான் வீட்ட போகுமட்டும் காருக்குள்ள அந்த வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனனான். பெரிய மனுசன், பெரிய மனுசன் எண்டு. சிவப்பு லைட்டில கண்ணாடியில என்ர முகத்தையும் ஒருக்காப் பாத்தனான். பிள்ளையின்ர நினைப்பு ஒருக்காலும் வரேல்லை ஐயா. வீட்டு வாசலில சப்பாத்தைக் கழட்டுமட்டும் வரேல்லை.

அதுக்குத்தான் சொன்னனான். வேற ஒரு காரணமும் இல்லை. அவன் எனக்கு மட்டும் எண்டு தந்ததை, பிரம்ரனில முகமும் தெரியாத ஒரு மனுசன் என்னைப் பெரிய மனுசன் எண்டு சொல்லவேணும் எண்டதுக்காக எடுத்துக் குடுத்தனான்.

இதை நான் எந்தப் பாசையில கோச்சுக்குச் சொல்லுறது. பொய் சொல்லுறதெண்டால் அதுக்கும் ஒரு காரணம் வேணும், இந்தக் காரணத்தைத் தவிர என்னட்ட வேற ஒண்டும் இல்லை.

வந்திட்டுது. அந்த நீலக் கூரை தெரியுதே, அதுதான் ஹெரன்ஸின்ர மண்டபம். பஸ் அதுக்கு எதிர்ப்பக்கம்தான் நிக்கும், இதுதான் கடைசித் தரிப்பு. அங்க ஒரு பிள்ளை கை காட்டுது, உங்கட மகள் போல. போங்கோ, காத்துக்கொண்டு நிக்கிறா. இல்லை, என்ர பை இருக்கட்டும், நீங்கள் முதல் இறங்குங்கோ. ரெண்டு மணிதான் ஆகுது, அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. நான் எப்பன் நேரம் இருந்திட்டு இறங்கிறன்.